நடைமேடைக்கு 118 மீட்டர்: வாஷிங்டன் மெட்ரோ சுரங்கத்தில் புகைக்குள் சிக்கிய வண்டி

2015 ஜனவரி 12, திங்கட்கிழமை. வாஷிங்டன் நகரின் லான்ஃபான் பிளாசா நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட மஞ்சள் தட மெட்ரோ வண்டி ஒன்று, சுரங்கத்துக்குள் சற்றுத் தூரமே சென்ற நிலையில், எதிரே அடர்ந்து வந்த புகையைக் கண்டு பிற்பகல் 3:15 மணியளவில் நின்றது. ஆறு பெட்டிகள் கொண்ட அந்த வண்டியின் எண் 302. உள்ளே ஏறத்தாழ 380 பயணிகள் இருந்தனர். கடைசிப் பெட்டிக்கும் நிலைய நடைமேடையின் தெற்கு விளிம்புக்கும் இடையே இருந்த தூரம் 386 அடி, அதாவது சுமார் 118 மீட்டர். வாஷிங்டன் மெட்ரோவின் ஒரு பெட்டி 75 அடி நீளமுடையது. ஆறு பெட்டிகளும் சேர்ந்தால் 450 அடி. தன் நீளத்தைவிடக் குறைந்த தூரம் பின்னோக்கி நகர்ந்திருந்தாலே அந்த வண்டியின் கடைசிப் பெட்டி நடைமேடையைத் தொட்டிருக்கும்.

அந்தத் தூரத்தை வண்டி அன்று கடக்கவில்லை. பயணிகள் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் புகை நிறைந்த பெட்டிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களில் ஒருவர் இறந்தார். பயணிகள், மீட்புப் பணியாளர்கள், மெட்ரோ ஊழியர்கள் என 91 பேர் பாதிக்கப்பட்டனர். வண்டி தடம் புரளவில்லை, எதனோடும் மோதவில்லை, தீப்பற்றவும் இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையின்படி, மெட்ரோ நிறுவனம் மதிப்பிட்ட பொருட்சேதம் ஏறத்தாழ 1,20,000 டாலர் மட்டுமே. பொருளுக்கு வந்த சேதம் இவ்வளவு சிறிதாக இருக்க, மனிதர்களுக்கு நேர்ந்த பாதிப்பு ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்ற கேள்விதான் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறது. நான் படித்து அறிந்த அளவில், சுரங்கத்தில் வண்டி நிற்பது மட்டுமே ஆட்களைக் கொல்வதில்லை. வண்டி நின்ற பிறகு, அது எங்கே நிற்கிறது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதை அறியாத ஒருவர் தொலைவில் அமர்ந்து முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான் கொல்கிறது.

ஒரு கேபிள் இணைப்பு

புகை வந்த இடம் வண்டிக்கு முன்னால் சுமார் 1,100 அடி, அதாவது 335 மீட்டர் தூரத்தில் இருந்தது. வாஷிங்டன் மெட்ரோ வண்டிகள் மூன்றாம் தண்டவாளம் எனப்படும் மின்தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தை எடுத்து ஓடுகின்றன. இந்தத் தண்டவாளம் தொடர்ச்சியான ஒரே துண்டாக இருப்பதில்லை. இடைவெளி விட்ட இடங்களில் தடித்த கேபிள்கள் ஒரு துண்டையும் அடுத்த துண்டையும் இணைக்கின்றன. அந்தக் கேபிளின் முனை தண்டவாளத்தோடு சேரும் இடத்தில் ஓர் உறை பொருத்தப்பட்டிருக்கும். அந்த உறைக்குள் ஈரமும் தூசியும் நுழையாதபடி காப்பதற்காக, கேபிளைச் சுற்றி இறுக்கமாகப் படியும் அடைப்புக்குழாய் ஒன்றையும் மாட்ட வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சட்டையின் கைமுனை அளவே இருக்கும் பொருள் அது. விசாரணையில், இத்தகைய அடைப்புக்குழாய்கள் பல இணைப்புகளில் மாட்டப்படாமலே விடப்பட்டிருந்தது தெரியவந்தது. 2015 ஜூன் மாதத்தில், இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், இந்த ஒரு பொருளைப் பற்றி மட்டுமே வாரியம் அவசரப் பரிந்துரை வெளியிட்டது.

சுரங்கச் சுவரில் கசியும் நீர், இரும்புச் சக்கரங்களும் பிரேக் கட்டைகளும் தேய்ந்து உதிரும் கரிய தூள், இவை இரண்டும் சேர்ந்து காலப்போக்கில் ஒரு படலமாகப் படியும். உலோகத் தூள் கலந்த ஈரப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். முதலில் மிகச் சிறிய கசிவாகத் தொடங்குவது, சூட்டில் காப்புப் பொருள் கருகக் கருகப் பெருகி, ஒரு கட்டத்தில் மின்வில்லாக மாறுகிறது. வெல்டிங் செய்பவரின் கையில் நாம் பார்க்கும் அதே நீலவெள்ளைச் சுடர்தான் இது. அதைத் தாங்கக்கூடிய கேபிள் உறை எதுவும் கிடையாது. உறை உருகி, கேபிள் எரிந்து, நெடியேறிய கரும்புகை குழாய் போன்ற சுரங்கத்துக்குள் பரவத் தொடங்கிவிடும்.

ஷார்ட் சர்க்யூட் ஆனால் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் நின்றுவிடும். மெட்ரோவின் மின்தண்டவாளப் பகுதி ஒவ்வொன்றுக்கும் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் வருகிறது. ஒரு வண்டி வேகமெடுக்கும்போது இழுக்கும் மின்னோட்டமே ஆயிரக்கணக்கான ஆம்பியர் இருக்கும் என்பதால், மின்வில் இழுக்கும் மின்னோட்டத்தை ஒரு வண்டியின் இழுவையிலிருந்து பிரித்தறிவது பிரேக்கருக்கு எளிதல்ல. அன்று சுமார் 3:06 மணிக்கு ஒரு முனையின் பிரேக்கர் தானாக விழுந்தது. மறுமுனை மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. வண்டி நின்று ஏறத்தாழ அரை மணி நேரம் ஆன பிறகுதான், கட்டுப்பாட்டு மையம் தொலைவிலிருந்து கட்டளை அனுப்பி அந்த மறுமுனையையும் துண்டித்தது. அதுவரை மின்வில்லுக்கு உணவு கிடைத்துக்கொண்டே இருந்தது. வாரியம் தன் அறிக்கையில் இதை நீடித்த குறுக்கு மின்சுற்று என்று குறிப்பிட்டது இதனால்தான்.

நிற்க வைத்திருக்க வேண்டிய வண்டி

பிரேக்கர் விழுந்ததற்கும் வண்டி 302 புகையைச் சந்தித்ததற்கும் இடையே ஏறத்தாழ பத்து நிமிடங்கள் கழிந்தன. இந்தப் பத்து நிமிடங்களே இந்த ஆய்வின் நடுப்பகுதி என்று நான் கருதுகிறேன். புகை பற்றிய முதல் தகவல் வந்தவுடன் அந்தப் பகுதியில் இரு திசையிலும் எல்லா வண்டிகளையும் நிறுத்த வேண்டும் என்பது வாஷிங்டன் மெட்ரோவின் எழுதப்பட்ட நடைமுறை. அந்த நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தால் வண்டி 302 புகை நிறைந்த சுரங்கத்துக்குள் சிக்கியே இருக்காது என்று வாரியம் தெளிவாக முடிவு கூறியது.

அது ஏன் பின்பற்றப்படவில்லை என்பதற்கான விடையில்தான் இன்னும் வருத்தம் தரும் செய்தி இருக்கிறது. புகை என்ற தகவல் வந்தால், பயணிகளோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியையே அந்த இடத்தைக் கடந்து போகச் செய்து, என்னவென்று பார்த்துச் சொல்லும்படி ஓட்டுநரிடம் கேட்பது அந்த நிறுவனத்தில் வாடிக்கையாகவே இருந்து வந்தது. சுரங்கங்களில் சிறு மின்கசிவுகளும் அவற்றால் எழும் புகையும் அடிக்கடி நேர்வதால், அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் முடிந்துபோவதால், சேவையை நிறுத்தாமல் சரிபார்க்கும் இந்தக் குறுக்குவழி மெல்ல மெல்ல நடைமுறையாகிவிட்டது. நூறு முறை பாதகமின்றி முடிந்த ஒரு வழக்கம், நூற்று ஓராவது முறை 380 பேரைச் சோதனைக் கருவியாக ஆக்கிவிடும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புகையைப் பார்த்து வரும்படி அனுப்பப்படும் வண்டியில் அமர்ந்திருக்கிறோம் என்பது அந்தப் பெட்டிகளில் இருந்த எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, தெரிந்திருந்தால் ஏறியிருப்பார்களா?

சுரங்கத்தில் எந்த இடத்தில் புகை எழுகிறது என்று துல்லியமாக அறியும் வசதியும் கட்டுப்பாட்டு மையத்திடம் அன்று இல்லை. நடைமேடையில் புகை தெரிகிறது என்று நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது, சுரங்கத்தில் புகை இருக்கிறது என்று ஓட்டுநர் சொல்கிறார். ஆனால் அது எந்த மீட்டரில், எந்தக் கேபிளில் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இந்தக் குறை பின்னால் வந்த எல்லா முடிவுகளையும் பாதித்தது.

பின்னால் வந்த வண்டி

வண்டி நின்றவுடன் ஓட்டுநர் கட்டுப்பாட்டு மையத்தைத் தொடர்பு கொண்டார். நிலையத்துக்கே திரும்பிச் செல்ல அனுமதி வேண்டும் என்று அவர் பலமுறை கேட்டார். விரைவில் பின்னோக்கி நகர்வோம், பதற்றமடையாமல் இருங்கள் என்று பயணிகளிடமும் அறிவித்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுவே அவருடைய திட்டமாகவும் நம்பிக்கையாகவும் இருந்தது. ஆனால் அதற்குள் அடுத்த வண்டியான 510 அதே தடத்தில் லான்ஃபான் பிளாசாவுக்குள் வந்துவிட்டது. நிலையமே புகையால் நிறைந்துகொண்டிருந்த வேளையில் அந்த வண்டியும் உள்ளே விடப்பட்டது. அதன் பயணிகள் நடைமேடையில் இறங்கி வெளியேறினார்கள். வண்டியோ அங்கேயே நின்றது. திரும்புவதற்கு இருந்த ஒரே இடத்தை இன்னொரு வண்டி அடைத்துக்கொண்டது.

சுரங்க ரயிலில் ஒரு வண்டியின் பின்னால் இருக்கும் வெற்றிடம் வெறும் இடைவெளியல்ல, அது தப்பிக்கும் வழி. சிக்னல் அமைப்பு இரு வண்டிகள் மோதிக்கொள்ளாதபடி இடைவெளியைக் காக்கிறது. முன்வண்டி திரும்பி வர வேண்டியிருந்தால் அதற்கு இடம் வேண்டும் என்பதை அது பொருட்படுத்துவதில்லை. அந்தப் பொறுப்பு மனிதருடையது. முன்னே ஒரு வண்டி எதிர்பாராமல் நின்றுவிட்டது என்ற செய்தி வந்த நொடியிலேயே பின்வரும் வண்டியை முந்தைய நிலையத்தில் நிறுத்துவது, கட்டுப்பாட்டு அறையில் உள்ளவருக்கு மூச்சு விடுவது போல இயல்பாக வர வேண்டிய செயல். வாரியத்தின் கண்டறிதலும் இதையே சொல்கிறது: வண்டி 510 நிலையத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தால், வண்டி 302 நடைமேடைக்குத் திரும்பியிருக்க முடியும்.

விசிறி எந்தப் பக்கம் சுழல வேண்டும்

சுரங்கக் காற்றோட்டத்தின் அடிப்படை விதி ஒன்றுதான். புகை ஒரு பக்கம் போக வேண்டும், மனிதர்கள் மறுபக்கம் போக வேண்டும், புதிய காற்று மனிதர்கள் தப்பிச் செல்லும் பக்கத்திலிருந்து வர வேண்டும். இதற்காகத்தான் பெரிய விசிறிகளை இருதிசையிலும், அதாவது காற்றை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும், இயக்கும்படி அமைக்கிறார்கள். ஆனால் எந்த விசிறியை எந்தத் திசையில் இயக்குவது என்று தீர்மானிக்க, புகை எங்கே இருக்கிறது, வண்டி அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று நிலையத்தின் விசிறிகள் காற்றை வெளியே இழுக்கும் முறையில் இயக்கப்பட்டன. நிலையத்தில் புகை தெரிகிறது, எனவே நிலையத்திலிருந்து புகையை வெளியேற்றுவோம் என்ற எண்ணம் மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தோன்றும். ஆனால் எரியும் இடத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில் வண்டி நின்றது. நிலையத்தின் பக்கம் இழுக்கப்பட்ட ஒவ்வொரு கனமீட்டர் புகையும் வண்டியைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. தப்பிச் செல்ல வேண்டிய திசையை நோக்கியே புகையும் இழுக்கப்பட்டது.

இதோடு இன்னொரு கேடும் சேர்ந்தது. பெட்டிகளின் குளிர்சாதன, காற்றோட்டக் கருவிகள் வெளியிலிருந்து காற்றை எடுத்து உள்ளே அனுப்புபவை. சுரங்கத்தில் புகை நிறைந்திருக்கும்போது அவற்றை உடனே நிறுத்தாவிட்டால், கதவுகளை எவ்வளவு இறுக மூடி வைத்தாலும் பயனில்லை. பெட்டியே புகையை மூச்சாக இழுத்துக்கொள்கிறது. இந்தக் கருவிகளை விரைந்து நிறுத்துவதற்கான பயிற்சியும் நடைமுறையும் போதுமான அளவில் இல்லை என்பது பின்னர் பரிந்துரைகளில் இடம்பெற்றது.

இதே பிழை இருபது ஆண்டுகளுக்கு முன்பே மிகக் கொடிய அளவில் நேர்ந்திருக்கிறது. 1995 அக்டோபர் 28 அன்று அசர்பைஜானின் பாக்கு நகரில், உல்துஸ் நிலையத்திலிருந்து சுமார் 200 மீட்டர் சென்ற வண்டி மின்கோளாறால் தீப்பற்றிச் சுரங்கத்தில் நின்றது. பயணிகள் வெளியேறிக்கொண்டிருந்த வேளையில் காற்றோட்ட அமைப்பு வெளியேற்றும் முறைக்கு மாற்றப்பட்டபோது, பெரும்பாலோர் ஓடிக்கொண்டிருந்த திசைக்கே புகை திரும்பியது. அங்கே இறந்தவர்கள் 289 பேர்.

பெட்டிக்குள்

வண்டிக்குள் நடந்ததைப் பயணிகளின் வாக்குமூலங்களும் அவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களும் காட்டுகின்றன. முதலில் விளக்கொளி மங்கலானது போலத் தெரிகிறது. சில நிமிடங்களில் பெட்டியின் மறுமுனையில் இருப்பவரின் முகம் தெரிவதில்லை. ஸ்வெட்டரின் கழுத்தை மூக்குக்கு மேலே இழுத்துக்கொள்கிறார்கள். ஜனவரிக் குளிருக்காகச் சுற்றியிருந்த கம்பளித் துண்டு முகமூடியாகிறது. நிற்பதைவிட உட்கார்வதும், உட்கார்வதைவிடத் தரையில் படுப்பதும் மேல் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். ஒருவர் நினைவிழந்து சரியும்போது அருகில் இருப்பவர்கள் அவருடைய மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்கிறார்கள். முன்பின் அறியாதவர்கள் கைகோத்துப் பிரார்த்தனை செய்கிறார்கள். ஒலிபெருக்கியில் வரும் குரல் கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கதவைத் திறக்காதீர்கள் என்ற அந்த அறிவுரையை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் வண்டி நிற்கும் பெரும்பாலான வேளைகளில் வண்டிக்குள் இருப்பதே பாதுகாப்பு. வெளியே மின்தண்டவாளம் உயிரோடு இருக்கலாம். எதிர்த் தடத்தில் வண்டி வரலாம். இருட்டில் கால் தவறினால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியின் பெரும்பரப்பில் மின்சாரம் போனபோது, நியூயார்க் நகரில் ஏறத்தாழ 4,00,000 பேர் நின்றுபோன வண்டிகளில் இருந்தனர். அவர்கள் ஊழியர்கள் வழிகாட்டும் வரை காத்திருந்து, சில மணி நேரத்தில் பெரிய காயங்கள் எதுவுமின்றி வெளியே வந்து சேர்ந்தனர். அங்கே மின்சாரம் எங்கும் இல்லை, புகையும் இல்லை. காத்திருப்பதற்கு நேரம் இருந்தது.

புகை இருந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. காத்திருப்பதற்கான நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. வண்டிக்குள் இருங்கள் என்ற ஒரே அறிவுரையை எல்லாச் சூழலுக்கும் பொதுவாக வைத்திருக்கும் நிறுவனம், எந்த நிமிடத்தில் அந்த அறிவுரையை மாற்ற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதையும் சேர்த்தே எழுதி வைத்திருக்க வேண்டும். வண்டி 302-இல் சிலர் தாங்களாகவே கதவைத் திறந்து இறங்கி, சுவரோரத்து நடைபாதையைக் கையால் தடவிக்கொண்டு நடந்து வெளியேறினார்கள். அவர்கள் விதியை மீறியவர்கள். அந்த நேரத்தில் மின்தண்டவாளம் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்பதால், அவர்கள் செய்தது ஆபத்தான செயலும்கூட. ஆனாலும் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியேறும் வழியைப் பயணி தானே தேடிக்கொள்ளும் நிலை வருகிறது என்றால், அதற்கு முன்பே அறிவிப்பின் மீதான நம்பிக்கை செத்துவிட்டது என்று பொருள்.

2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் தேகு நகரில் அந்த நம்பிக்கை வேறு விதமாக முடிந்தது. சுங்காங்னோ நிலையத்தில் ஒரு வண்டி எரிந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்திசை வண்டி அதே நிலையத்துக்குள் விடப்பட்டது. அதன் பயணிகள் காத்திருக்கும்படி சொல்லப்பட்டனர். ஓட்டுநர் முதன்மைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறியதால் கதவுகள் மூடியே இருந்தன. இறந்த 192 பேரில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வண்டியில் இருந்தவர்கள். புகை இருக்கும் இடத்துக்குள் வண்டியை விட்டது, இருக்கச் சொன்னது என்ற இரண்டும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வாஷிங்டனிலும் நேர்ந்திருக்கின்றன.

மேலே வந்து நின்றவர்கள்

தீயணைப்புப் படையினர் நிலையத்துக்கு வந்து சேர்வதில் பெரிய தாமதம் இல்லை. வந்து சேர்ந்த பிறகுதான் தடைகள் தொடங்கின. மின்தண்டவாளத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்ற உறுதி கிடைக்காமல் அவர்கள் தடத்தில் இறங்க முடியாது. அந்த உறுதியைத் தர வேண்டியது மெட்ரோவின் கட்டுப்பாட்டு மையம். அங்கிருந்து தெளிவான சொல் வருவது தாமதமாயிற்று. சுரங்கத்துக்குள் ஒரு வண்டி நிறைய ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்ற செய்தியே மேலே நின்ற அதிகாரிகளுக்குத் தொடக்கத்தில் சரியாகப் போய்ச் சேரவில்லை.

அவர்களுடைய வயர்லெஸ் கருவிகள் நிலத்தடியில் வேலை செய்யவில்லை. கீழே சென்றவர் பேசுவது மேலே இருப்பவருக்குக் கேட்கவில்லை. கைப்பேசியில் அழைத்தும், ஆள் விட்டு ஆள் செய்தி சொல்லியும் சமாளித்தார்கள். இதில் மிகவும் வேதனையான செய்தி, அந்த நிலையத்தில் வயர்லெஸ் சமிக்ஞை கிடைப்பதில்லை என்பதைத் தீயணைப்புத் துறை ஜனவரி 8 அன்று, அதாவது நான்கு நாட்களுக்கு முன்பே கண்டறிந்து மெட்ரோ நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தது என்பதுதான். கண்டறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், சொல்லப்பட்டவர்கள் பதிவு செய்துகொண்டார்கள், அதற்குள் நான்கு நாட்கள் கடந்துவிட்டன. நிலத்தடி ரயில் அமைப்பில் பெருந்திரளானோர் பாதிக்கப்படும் நிகழ்வுக்கு நகரத் தீயணைப்புத் துறை ஆயத்தமாக இல்லை என்பதையும் வாரியம் துணைக் காரணமாகக் குறித்தது.

பின்னோக்கிப் போவது எப்போதும் சரியா

இந்த நிகழ்வைப் படித்துவிட்டு, ஆபத்து வந்தால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்ற எளிய பாடத்தோடு எழுந்துவிடக்கூடும். அது தவறு என்பதற்குச் சீனாவின் செங்சௌ நகரம் சான்று. 2021 ஜூலை 20 அன்று மாலை 4 மணியிலிருந்து 5 மணிக்குள் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை அங்கே கொட்டியது. வண்டி நிறுத்துமிடம் ஒன்றின் நீர்த்தடுப்புச் சுவர் உடைந்து, வெள்ளம் ஐந்தாம் தடத்தின் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. முன்னே தண்ணீரைக் கண்டு நின்ற வண்டி பின்னோக்கி எடுக்கப்பட்டது. சுமார் 30 மீட்டர் நகர்ந்த பிறகு மின்சாரம் அற்று நின்றுவிட்டது. நின்ற இடம், முன்பு இருந்த இடத்தைவிட ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் தாழ்வானது. உள்ளே நின்றிருந்தவர்களுக்கு அந்த 75 சென்டிமீட்டர் என்பது இடுப்புக்கும் கழுத்துக்கும் இடையிலான தூரம். நகரின் மெட்ரோ முழுவதும் சேவையை நிறுத்தும் ஆணை வந்தபோது வண்டி நின்று 17 நிமிடங்கள் ஆகியிருந்தன. 953 பேர் வெளியே கொண்டுவரப்பட்டனர். 14 பேர் இறந்தனர்.

வாஷிங்டனில் பின்னோக்கி நகர்வது சரியான முடிவு, ஆனால் வழி அடைக்கப்பட்டிருந்தது. செங்சௌவில் வழி இருந்தது, ஆனால் அது பள்ளத்துக்கு இட்டுச் சென்றது. இரண்டு இடத்திலும் கட்டுப்பாட்டு அறையின் திரையில் வண்டி ஒரு கோட்டின் மேல் நிற்கும் ஒரு குறியாகத்தான் தெரிந்திருக்கும். அந்தக் கோட்டில் ஏற்ற இறக்கம் தெரியாது, புகையின் திசை தெரியாது, தண்ணீரின் மட்டம் தெரியாது. ஓட்டுநருக்குக் கண்ணெதிரே தெரிவது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவதில்லை. கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவது, அதாவது பின்னால் எந்த வண்டி எங்கே இருக்கிறது, எந்த விசிறி எந்தத் திசையில் ஓடுகிறது என்பது, ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. இந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசும் முதல் இரண்டு நிமிடங்களில் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தாலொழிய, அந்தப் பேச்சு காத்திருங்கள் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

பொறுப்பு யாருடையது

2016 மே மாதத்தில் வெளியான முடிவில், வாரியம் நிகழ்வின் காரணத்தை ஒரு கேபிளோடோ ஒரு ஊழியரோடோ நிறுத்திக்கொள்ளவில்லை. பயனற்ற ஆய்வு, பராமரிப்பு முறைகளையும், முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடிய ஆபத்துகளை மதிப்பிட்டுக் குறைக்கத் தவறிய மூத்த நிர்வாகத்தையும், போதாத பாதுகாப்பு மேற்பார்வையையும் சுட்டியது. மேற்பார்வை பற்றிய பகுதி தனியே கவனிக்கத்தக்கது. வாஷிங்டன் மெட்ரோ கொலம்பியா மாவட்டம், மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய மூன்று ஆட்சிப்பகுதிகளில் ஓடுகிறது. மூன்றும் சேர்ந்து அமைத்த ஒரு குழு அதன் பாதுகாப்பைக் கண்காணித்து வந்தது. அந்தக் குழு அறிக்கை எழுதலாம், கேள்வி கேட்கலாம். தவறு செய்தால் அபராதம் விதிக்கவோ திருத்தும்படி கட்டாயப்படுத்தவோ அதற்கு அதிகாரம் இல்லை. 2009 ஜூன் 22 அன்று இதே மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் இரு வண்டிகள் மோதி ஒன்பது பேர் இறந்தபோதே இந்தப் பலவீனம் வெளிப்பட்டிருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குழு, அதே அதிகாரமின்மையோடு தொடர்ந்தது. 2015 இலையுதிர் காலத்தில்தான், அன்றைய போக்குவரத்துத் துறை அமைச்சர் ஆன்டனி ஃபாக்ஸ் மேற்பார்வையைக் கூட்டாட்சிப் போக்குவரத்து நிர்வாகத்திடம் ஒப்படைத்தார். அமலாக்க அதிகாரம் கொண்ட தனி ஆணையம் ஒன்று அந்தப் பொறுப்பை முழுமையாக ஏற்க 2019 வரை ஆயிற்று.

இதற்கிடையே 2016 மார்ச் 14 அன்று, மக்ஃபர்சன் ஸ்கொயர் நிலையத்துக்கு அருகே சுரங்கத்தில் இன்னொரு மின்தண்டவாளக் கேபிள் தீப்பிடித்தது. லான்ஃபான் பிளாசா நிகழ்வுக்கு 14 மாதங்கள் கழித்து, அதே வகைக் கோளாறு. இம்முறை யாரும் உயிரிழக்கவில்லை. அப்போது பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த பொது மேலாளர் பால் வீடஃபெல்ட், மார்ச் 16 அன்று நாட்டின் தலைநகரத்து மெட்ரோ முழுவதையும் 29 மணி நேரம் மூடினார். வேலை நாள் ஒன்றில், இலட்சக்கணக்கானோர் வேறு வழி தேட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. கடும் விமர்சனமும் எழுந்தது. அந்த 29 மணி நேரத்தில் ஊழியர்கள் ஏறத்தாழ 600 கேபிள்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்கள். 26 இடங்களில் சேதம் இருந்தது. அவற்றுள் மூன்று, முன்பே கண்ணில் பட்டிருந்தால் அந்த நிமிடமே வண்டிகளை நிறுத்தியிருக்க வேண்டிய அளவுக்கு மோசமாக இருந்தன. முந்தைய நாள் இரவு வரை அவற்றை ஒட்டியே பயணிகள் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.